மைக் செட் வண்டியில் ஒரு மின்னோட்டவியல் பாடம்

(திருத்தணியில் நடந்த அறிவியல் ஆசிரியர் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

மின்னோட்டவியல் பாடத்தை வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது என்று பேசச் சொன்னார்கள். அது பெரிய கடல். நான் அதைக் குறுக்கி, மைக் செட் கட்டிய வண்டி ஒன்றை மட்டும் வைத்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காரில் பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபயர், தெருவில் அறிவிப்புச் செய்யும் ஆட்டோவில் இருப்பது, காவடிக்கு முன்னால் போகும் குட்டி யானை வண்டியில் பாக்ஸ்களோடு அடுக்கியிருப்பது, எல்லாம் உள்ளுக்குள் ஒரே குடும்பம்தான். 12 வோல்ட் பேட்டரி ஒன்றை நம்பிப் பிழைப்பவை.

திருத்தணியில் வேலை பார்க்கும் நமக்கு இந்த வண்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் மலையடிவாரத்தில் எத்தனை பாக்ஸ் கட்டிய வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணி முடிக்க முடியாது. மற்ற நாளில் அறிவிப்பு ஆட்டோ வரும். நகரி, புத்தூர் பக்கத்து ஆட்களும் வாங்க, விற்க வருகிற ஊர் என்பதால், தமிழில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை சொல்லிவிட்டுப் போகும். நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சில பிள்ளைகளின் வீட்டுப் பிழைப்பே அந்த வண்டிதான்.

பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், பேட்டரி 12 வோல்ட்டுதானே? அப்புறம் ஏன் சார் ட்ரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட்டு மங்கி மங்கி எரியுது?"

இந்தக் கேள்விக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நேரடியான பதில் இல்லை. அங்கே மின்கல அடுக்கு என்பது நீளக்கோடும் குட்டைக்கோடும்; பக்கத்தில் எழுதிய எண் மாறாது. அகமின்தடை என்ற சொல்லை மாணவன் சந்திப்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில். பத்தோடு ஐ.டி.ஐ.க்கோ, வண்டி மெக்கானிக்கிடமோ போகிற பிள்ளை அதைச் சந்திக்காமலே போய்விடுகிறான். ஆனால் அவன்தான் நாளைக்கு அந்த வண்டிக்கு வயர் இழுக்கப் போகிறவன். அவனுக்கு இது தெரியாமல் போவதன் விலை மதிப்பெண்ணோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 12. கார் பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள் தொடரிணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆகிச் சும்மா இருக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தால் 12.6 காட்டும். இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டர் அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும், ஆகவே 13.8 முதல் 14.4 வரை காட்டும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தக் கணத்தில் 10 வோல்ட் அளவுக்குக் கூட இறங்கும். ஆக, ஒரே பேட்டரி, ஒரே காலைப்பொழுது, மூன்று எண்கள். 12 என்பது அதற்கு நாம் வைத்த பெயர்.

ஏன் இறங்குகிறது? பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு மின்தடை இருக்கிறது. நல்ல பேட்டரியில் அது ஓமில் நூறில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. பழசாகி, முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போனால், முனையில் உள்ள தடையையும் சேர்த்து 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் ஓர் அடிக்கு 30 ஆம்பியர் இழுத்தால், 30 பெருக்கல் 0.05, ஒன்றரை வோல்ட் உள்ளேயே போய்விடும். 12.6 இருந்த இடத்தில் 11.1 தான் வெளியே வரும். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறையக்கூடியது. அதனால் அந்த ஒன்றரை வோல்ட் இறக்கம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நம் மாணவன் பார்த்தது அதைத்தான். அவன் ஹெட்லைட்டை வோல்ட்மீட்டராகப் பயன்படுத்தியிருக்கிறான்.

எல்இடி ஹெட்லைட் வைத்த புது வண்டிகளில் இந்த மினுக்கல் பெரும்பாலும் தெரியாது. பேட்டரி அங்கும் இறங்கத்தான் செய்கிறது. விளக்குக்குள் இருக்கும் சிறு சுற்று, வருவது கூடினாலும் குறைந்தாலும் எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்கிறது. இப்படி ஏறி இறங்கும் வரவை ஒரே அளவாக்கித் தரும் வேலைக்குத்தான் கட்டுப்படுத்தி, கடைத்தெரு மொழியில் ரெகுலேட்டர், என்று பெயர்.

ரெகுலேட்டரை வகுப்பில் காட்ட 7805 என்ற மூன்று கால் ஐசி போதும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். விலை ஒரு டீ, வடைக் கணக்குதான். உள்ளே 12 கொடுங்கள், வெளியே 5. உள்ளே 9 கொடுங்கள், வெளியே 5. உள்ளே 7-க்குக் கீழே கொண்டுபோங்கள். அப்போது வெளியேயும் இறங்க ஆரம்பிக்கும். ஏனென்றால் இந்த வகை ஐசிக்குத் தன் வேலையைச் செய்ய ஏறத்தாழ 2 வோல்ட் மிச்சம் வேண்டும். அதிகமாக வருவதை அது வெப்பமாக்கி வெளியே விடுகிறதே தவிர, இல்லாததைச் சேர்த்துக் கொடுக்காது.

இதைப் பார்த்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போடுங்கள். "7812 என்று ஓர் ஐசி இருக்கிறது, 12 வோல்ட் தரும். அதை வண்டியில் போட்டால் ஆம்ப்ளிஃபயருக்கு எப்போதும் 12 வோல்ட் கிடைக்குமா?" பெரும்பாலோர் கிடைக்கும் என்பார்கள். 12 வெளியே வர வேண்டுமானால் உள்ளே 14 வேண்டும். இன்ஜின் ஓடும்போது எப்படியோ தாக்குப்பிடிக்கும், நிறுத்தினால் 12.6-லிருந்து 2 போய் 10.6 அளவுதான் வரும். ரெகுலேட்டர் போட்டு, இருந்ததையும் குறைத்துக்கொண்ட கதை. அத்தோடு அந்த ஐசி தாங்குவது ஓர் ஆம்பியர் அளவு. நம் ஆம்ப்ளிஃபயர் கேட்பது 30.

அதனால்தான் வாகன ஆம்ப்ளிஃபயரில் எல்லாப் பகுதிக்கும் ரெகுலேட்டர் வைப்பதில்லை. ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிப் பகுதி பேட்டரியில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளும். மைக்கிலிருந்து வரும் மில்லிவோல்ட் அளவுச் சைகையை வாங்கும் முதல் பகுதிக்குத்தான் 9 வோல்ட்டுக்கோ 8 வோல்ட்டுக்கோ கட்டுப்படுத்தித் தருவார்கள். தராவிட்டால் என்ன ஆகும்? பெரிய அடிக்குப் பேட்டரி இறங்கும். அந்த இறக்கத்தை முதல் பகுதி சைகை என்று நினைத்துப் பெருக்கும். பெருக்கியதால் மறுபடி இறங்கும். பாக்ஸிலிருந்து படகு மோட்டார் ஓடுவதுபோல டப் டப் டப் என்று வரும். மைக் செட் பழுதுபார்ப்பவரிடம் இந்தச் சத்தத்தைச் சொன்னால் பெட்டியைத் திறக்கும் முன்பே "சப்ளை கெப்பாசிட்டர் போயிருக்கும்" என்பார். பல நேரம் சரியாகவும் இருக்கும்.

இப்போது திறன் கணக்குக்கு வருவோம். பத்தாம் வகுப்புக்குத் தெரிந்த சூத்திரமே போதும்: மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுத்தால் திறன். டிடிஏ 2003 என்று கார் ரேடியோவுக்காகவே வந்த பழைய ஐசி ஒன்று. பழைய ரேடியோப் பெட்டிகளில் இருக்கும். 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் திறன் 6 வாட். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14.4-இல் பாதி மேலே, பாதி கீழே ஆடும், உச்சம் 7.2. அதன் பயனுறு மதிப்பு 5.1. அதன் இருமடியை 4-ஆல் வகுத்தால் 6.5 வாட். சிறிது இழப்புப் போக 6. சூத்திரமும் கடைச் சரக்கும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஏற்படும் மகிழ்ச்சியே தனி.

அதே ஐசி 11 வோல்ட்டில்? 3.8 வாட். மின்னழுத்தம் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் இறங்கியது. திறனோ நாற்பது சதவீதம் போய்விட்டது. இருமடி என்பது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எதிரெதிராக ஆடவிட்டு நடுவில் ஸ்பீக்கரைக் கட்டினால் மின்னழுத்தம் இருமடங்கு, திறன் நான்கு மடங்கு, கணக்குப்படி 26 வாட். 12 வோல்ட்டை நேரடியாக வைத்துக்கொண்டு 4 ஓமில் அதற்கு மேல் சுத்தமான ஒலி எடுக்க வழியில்லை.

அப்படியானால் பாக்ஸின் மேல் '1000 வாட்' என்று அச்சடித்திருக்கிறதே? வகுப்பில் இதை ஒரு செயல்பாடாகவே செய்யலாம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் உள்ள பியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். 20 ஆம்பியர் என்றால், 20 பெருக்கல் 12, உள்ளே தொடர்ந்து போகக்கூடியதே 240 வாட் அளவுதான். அதில் வெப்பமாகப் போவது போக ஸ்பீக்கருக்கு வருவது ஏறத்தாழ பாதி. அச்சடித்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அச்சடித்தவரைத்தான் கேட்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட மாணவனை எந்தக் கடைக்காரரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

26 வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு மின்மாற்றி. மின்மாற்றிக்கோ மாறுதிசை மின்னோட்டம் வேண்டும். பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். வால்வு ரேடியோ காலத்தில், 1930-களில் கார் ரேடியோ வந்தபோதே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. அப்போது வைப்ரேட்டர் என்று ஒரு தகர டப்பா. உள்ளே அழைப்பு மணியில் இருப்பதுபோல ஓர் இரும்புத் தகடு அதிர்ந்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டி மின்மாற்றிக்கு அனுப்பும். நொடிக்கு நூறு முறை அளவில் வெட்டும். ரீங்காரம் வெளியே கேட்கும். இன்றைய ஆம்ப்ளிஃபயரில் டிஎல் 494 போன்ற ஓர் ஐசியும் சில மாஸ்ஃபெட்டுகளும் அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கின்றன. வேகமாக வெட்டுவதால் மின்மாற்றி சிறுத்து, வளையல் அளவு வளையமாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால் செம்புக் கம்பி சுற்றிய அந்த வளையம் நடுவில் உட்கார்ந்திருக்கும். மின்மாற்றிப் பாடத்தின்போது பழுதாகிப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள்.

அடுத்தது நான் மிகவும் பேச விரும்பும் பகுதி. பேக்கப். இருப்பு மின்சாரம்.

பெரிய பாக்ஸ் வைத்தவர்கள் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் என்று பளபளப்பான உருளை ஒன்றை வாங்கி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் கட்டுவார்கள். "இது இருந்தால் லைட் மங்காது" என்று விற்பார்கள். மின்தேக்கியில் சேரும் ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கியதில் பாதி. 14.4 வோல்ட்டில் 104 ஜூல். அதில் நமக்கு உதவுவது 14.4-லிருந்து 12.6 வரை இறங்கும்போது வெளிவரும் பங்குதான்; 24 ஜூல். ஆம்ப்ளிஃபயர் 400 வாட் இழுத்தால் 24 ஜூல் எவ்வளவு நேரம் வரும்? நொடியில் நூறில் ஆறு பங்கு. பறையில் விழும் ஓர் அடியின் தொடக்கத்துக்கு உதவும். அடுத்த அடிக்குள் அதற்கும் சேர்த்து ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். பழைய பேட்டரிக்கும் மெல்லிய வயருக்கும் அது மருந்தாகாது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வையுங்கள். கார் ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் ஒன்றும் சிவப்பு வயர் ஒன்றும் இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம். மஞ்சள், எப்போதும் வருவது. கடிகாரமும் சேமித்து வைத்த ரேடியோ நிலையங்களும் அழியாமல் இருக்க. பேட்டரியைக் கழற்றினால் மஞ்சளும் போய்விடும். இப்படி நினைவகத்தைக் காப்பாற்ற வேண்டிய கருவிகளில் சட்டைப் பொத்தான் அளவில் 0.1 ஃபாரட், 5.5 வோல்ட் மின்தேக்கி ஒன்றை வைப்பதுண்டு. நினைவகம் 10 மைக்ரோஆம்பியர் மட்டும் கேட்கிறது, மின்னழுத்தம் 3 வோல்ட் இறங்கும்வரை பொறுத்துக்கொள்ளும் என்று வைத்துக் கணக்கிட்டால் 30,000 நொடி வருகிறது. எட்டு மணி நேரத்துக்கும் மேல்.

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்தேக்கி எட்டு மணி நேரம். பத்து மடங்கு பெரியது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இதைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவிட்டு ஏன் என்று கேட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றால் போதும், வகுப்பே பேசிக்கொள்ளும். "எத்தனை வோல்ட்?" என்ற கேள்வியோடு நின்றுவிடும் பிள்ளைகள் அன்றைக்குத்தான் "எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம்?" என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள்.

பேட்டரிக்கும் இதே கேள்விதான். சிறிய காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 20 மணி நேரம் 1.75 ஆம்பியர் தரும் என்று பொருள். இன்ஜினை நிறுத்திவிட்டு 10 ஆம்பியர் வீதம் இழுத்தால் மூன்றரை மணி நேரம் வரும் என்று வகுத்தல் சொல்லும். பேட்டரி அந்த வகுத்தலுக்குக் கட்டுப்படாது. வேகமாக இழுத்தால் மொத்தமே குறைவாகத்தான் கிடைக்கும். திரும்ப வண்டியை ஸ்டார்ட் செய்யவும் மிச்சம் வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நம்பக்கூடாது. கார் பேட்டரி சில நொடிகளுக்கு மிகப் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்டது. அடிக்கடி அடிவரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். 2012 மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்த இன்வெர்ட்டர் பேட்டரி வேறு சாதி. தடித்த தகடு, மெதுவாக, நெடுநேரம் கொடுக்கும். வயிறு ஒன்றுதான், சாப்பாட்டு முறை வேறு என்று எங்கள் ஊர் பேட்டரிக் கடைக்காரர் சொல்வார். எனக்குப் பிடித்த விளக்கம்.

அதனால் விவரம் தெரிந்த மைக் செட்காரர்கள் ஆம்ப்ளிஃபயருக்கென்று இரண்டாவது பேட்டரி வைப்பார்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆக வேண்டும். நின்றால் ஆம்ப்ளிஃபயர் ஸ்டார்ட்டர் பேட்டரியைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு டயோடு போட்டால் ஆயிற்று என்று மாணவன் சொல்வான். பாராட்டுங்கள், பிறகு டயோடில் போகும் 0.7 வோல்ட்டை நினைவுபடுத்துங்கள். 14.4 அங்கே 13.7 ஆகிவிடும், இரண்டாவது பேட்டரி முழுதாக நிரம்பாது. சாவியோடு இயங்கும் ஒரு ரிலே வைத்தால் அந்த இழப்பு இல்லை.

டயோடு சரியாகப் பொருந்தும் இடம் நம் பள்ளியிலேயே இருக்கிறது. காலை வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் அகுஜா போன்ற ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். பல மாடல்களில் 230 வோல்ட் வயரோடு, 12 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனைகளும் இருக்கும். கரண்ட் இருக்கும்போது மின்மாற்றி வழியாக வருவதும், போனால் பேட்டரி வழியாக வருவதும் ஒரே இடத்தில் சேர வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குள் பாயக்கூடாது. இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஒரே குழாய், ஒவ்வொன்றிலும் ஒருவழி வால்வு. எந்தத் தொட்டியில் மட்டம் உயர்ந்திருக்கிறதோ அதிலிருந்து தண்ணீர் வரும். இரண்டு டயோடு வைத்தால் மின்சாரத்துக்கும் அதுவே நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்தின் நடுவில் கரண்ட் போயும் ஒலி நிற்காமல் இருந்தால், அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஏன் என்று கேட்கும். தொடக்கப்பள்ளி நண்பர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். ஓம் விதி தேவையில்லை, தண்ணீர்த் தொட்டி போதும்.

இப்போது, விலை மதிப்பெண்ணோடு முடிவதில்லை என்று முன்பு சொன்னேனே, அதற்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் வீட்டு லோடு ஆட்டோவில் வயர் எரிந்தது. நல்ல வேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது, யாருக்கும் காயமில்லை. பாக்ஸ் இரண்டும் சீட்டும் போயின. பியூஸ் இருந்தது. ஆனால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்தது. பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை போன வயர் சீட்டுக்குப் பின்னால் தகர விளிம்பில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, வண்டியின் உடம்பில் பட்டுவிட்டது. குறுக்குச்சுற்று நடந்த இடம் பியூஸுக்கு முன்னால். அந்தப் பியூஸ் வழியாக மின்னோட்டம் போகவே இல்லை. அது எப்படி உருகும்? எரிந்த பிறகு எடுத்துப் பார்த்தார்கள், பியூஸ் நன்றாக இருந்தது.

மின்னுருகு இழையைச் சுற்றில் எப்படி இணைக்க வேண்டும் என்று கேட்டால் நம் பிள்ளைகள் எல்லோரும் எழுதுவார்கள்: தொடரிணைப்பில். முழு மதிப்பெண். தொடரில் எந்த இடத்தில் என்று நாம் கேட்பதில்லை. தாளில் வரைந்த சுற்றில் எந்த இடமும் ஒன்றுதான், வண்டியில் ஒன்றில்லை. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் வயரெல்லாம் அதன் காவலில் வரும். அந்த மாணவன் அடுத்த வாரம் வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்கினான். அன்றிலிருந்து நான் சுற்றுப்படம் வரையும்போது வயரையும் நீளத்தோடுதான் வரைகிறேன்.

வயரின் தடிமனும் அப்படித்தான். மின்தடை எண் பாடத்தில் வரும் சூத்திரத்தில் இதைப் போடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். மின்தடை 0.068 ஓம். 20 ஆம்பியர் போனால் 1.36 வோல்ட் வயரிலேயே நின்றுவிடும். வயர் முழுவதும் சேர்ந்து வெளியிடும் வெப்பம் 27 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் 25 வாட் என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். 10 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.34 வோல்ட். ஒரு ஃபாரட் உருளைக்குக் கொடுக்கும் பணத்தை வயருக்குக் கொடுத்திருந்தால் வயரில் நின்றுவிடும் வோல்ட் கால் பங்காகக் குறைந்திருக்கும் என்று மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1-இல்தான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நம் தமிழ்வழி வகுப்புகளில் நிறைய. அவர்களுக்கு 'மின்தேக்கி' புதிது. 'கெப்பாசிட்டர்' அப்பாவின் வண்டியில் கேட்டது. நான் முதலில் வண்டிச் சொல்லைச் சொல்லி, பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதி, இரண்டு நாள் கழித்துப் புத்தகச் சொல்லை மட்டும் பயன்படுத்துகிறேன். நேரே புத்தகச் சொல்லில் தொடங்கினால், தெரிந்த பொருளையே தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒலி அளவு பற்றியும் இதே பாடத்தில் பேசிவிடலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். நாம் பாடம் நடத்தும் குரலே அந்த அளவைத் தாண்டும். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கடைசியாகச் செய்முறை. வகுப்புக்குள் கார் பேட்டரியைக் கொண்டுவர வேண்டாம். அமிலம் இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும், ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல் எட்டு எடுத்துக்கொள்ளுங்கள், தொடரில் இணையுங்கள். மீட்டர் 12-க்குச் சற்று மேலே காட்டும், கார் பேட்டரியைப்போலவே. இப்போது மெக்கானிக் கடையில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு வாங்கி அதில் இணையுங்கள். பல்பு சரியாகக்கூட எரியாது. மீட்டர் சடாரென்று கீழே விழும். பல்பை எடுத்தால் மறுபடி ஏறும். 'பேட்டரியும் 12, இதுவும் 12, பின்னே ஏன்?' என்று அவர்கள் கேட்ட பிறகு அகமின்தடை என்ற சொல்லை எழுதுங்கள். இரண்டு மூன்று நொடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள், செல் சூடாகும்.

அடுத்து, 4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்று. அந்த எட்டு செல்லில் சார்ஜ் ஏற்றி, ஒரு கிலோஓம் மின்தடையோடு எல்இடி ஒன்றை இணையுங்கள். நிதானமாக மங்கிச் சில நொடிகள் எரியும். மறுபடி சார்ஜ் ஏற்றி, பைக் இண்டிகேட்டரின் 10 வாட் பல்பை இணையுங்கள். ஒரு மினுக்கல், அவ்வளவுதான். அதே இருப்பு, கேட்டவர் வேறு.

மின்தேக்கியில் பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். உருளையில் கோடு போட்ட பக்கம் மைனஸ். முதல் முறை நீங்களே இணையுங்கள், பிள்ளைகளிடம் பிறகு கொடுங்கள். பெட்டிக்குள் வைக்கும் முன் அந்த ஒரு கிலோஓம் மின்தடையை அதன் இரண்டு கால்களிலும் ஒரு நிமிடம் தொட்டு வைத்துவிட்டு எடுத்து வையுங்கள். பொருள்கள் எல்லாம் இங்கே மேசையில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து இணைத்துப் பார்க்கலாம்.